மீன்பிடிக் கரையில் நாற்பது நாள் நோன்பு

காட்டுப்பள்ளி என்ற பெயர் நம்மில் பலருக்கு இரண்டு விதத்தில் அறிமுகம். ஒன்று துறைமுகம், இன்னொன்று குடிநீர். 2010 ஜூலையில் திறக்கப்பட்ட மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இருப்பது காட்டுப்பள்ளியில்தான். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள அந்த நிலையம் வடசென்னைக் குழாய்களுக்காகக் கட்டப்பட்டது. வங்கக் கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்திட்டு அது. தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி. அந்தக் கரை நெடுக மீனவக் குப்பங்கள். அவற்றில் பெரும்பாலோர் இந்துக்கள். கத்தோலிக்கர்களும் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பழவேற்காடு ஊருக்குள் முஸ்லிம்களின் பழைய தெருக்களும் உண்டு.

நம் வளாகத்திலும் ஆண்டுக்கு ஒரு புதன்கிழமை காலையில் சிலர் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு லிப்டில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அன்று கத்தோலிக்கர்களின் தவக்காலம் தொடங்குகிறது. அது என்ன, எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காக, நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்தக் கடற்கரையை வைத்து அதன் வரலாற்றைச் சொல்லலாம் என்று தோன்றியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. தவக்காலத்தின் முக்கியமான சட்டங்களில் ஒன்று, இறைச்சியை விடவேண்டும், ஆனால் மீன் சாப்பிடலாம் என்பது. தினமும் மீன் தின்று, மீன் விற்று வாழும் ஊருக்கு அப்படி ஒரு சட்டம் வந்தால் அங்கே நோன்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும்?

நாற்பது நாள் கணக்கு

சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். இடையில் வரும் 6 ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நோன்பு கிடையாது. அவற்றைக் கழித்தால் 40. இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த நாட்களின் எண்ணிக்கை அது.

ஈஸ்டர் நாள் நிலவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்து வரும் ஞாயிறு. ஆகவே மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் அது இருக்கலாம். இதனால் பெரிய வெள்ளி எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வரும். அலுவலகக் காலண்டரைப் பார்த்து வாழும் நமக்கு இது வெறும் தகவல். நீரோட்டத்தையும் நிலவையும் பார்த்து வலை கட்டும் ஏரி மீனவருக்கோ அது தொழில் கணக்கோடு கலந்த திருநாள்.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்த நோன்புக்கு நல்ல சொற்களை வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் ஒரு வேளை மட்டும் முழு உணவு கொள்வது ஒருசந்தி. இறைச்சியைத் தவிர்ப்பது சுத்தபோசனம். பெரியவர்கள் தவக்காலத்தைத் தபசுகாலம் என்பார்கள். முந்தைய ஆண்டு குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளை எரித்து எடுத்த சாம்பலைத்தான் புதன்கிழமை நெற்றியில் பூசுகிறார்கள். குருவின் உடை ஊதா நிறத்துக்கு மாறும். திருப்பலியில் அல்லேலூயா பாடமாட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதை நடக்கும். அதன் நிலைகள் 14 என்று 1731-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் வரையறுத்தார். பரங்கிமலைப் படிகளில் ஏறுபவர்கள் அந்த 14 நிலைகளையும் வழியில் காணலாம்.

மீன் எப்படி விலக்கானது?

ஐரோப்பாவில் இறைச்சி பணக்காரரின் பண்டம், விருந்தின் அடையாளம். அதை விடுவது தவம் என்று கருதப்பட்டது. நிலத்தில் நடமாடும் விலங்குகளின் ஊனோடு மீனைச் சேர்க்கவில்லை. இதன் விளைவாக நோன்பு நாட்கள் மீன் வியாபாரத்தின் நல்ல நாட்களாயின. இங்கிலாந்து கத்தோலிக்கத்தை விட்டு விலகிய பிறகும், எலிசபெத் அரசியின் காலத்தில் 1563-ல் நாடாளுமன்றம் வாரத்தில் இன்னொரு நாளையும் மீன் நாளாக ஆக்கிச் சட்டம் போட்டது. பக்திக்காகப் போட்ட சட்டம் அன்று அது. மீனவர்கள் பிழைத்தால்தான் கடற்படைக்கு ஆள் கிடைக்கும் என்பது கணக்கு.

பழவேற்காட்டில் இந்தச் சட்டம் வேறு விதமாகத்தான் பொருந்தும். இங்கே ஏழையின் சட்டியில் இருப்பது மீன், இறைச்சிதான் அரிது. எனவே தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, சட்டம் கேட்டதற்கு மேலே போய், நாற்பது நாளும் மீனையும் விட்டுச் சைவமாக இருக்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. அக்கம்பக்கத்தில் மாலை போட்டு விரதமிருப்பவர்களைப் பார்த்து வளர்ந்த சமூகத்தில் அது இயல்பும்கூட. ஆனால் கடலில் உழைக்கும் வீட்டில் மீன் வெறும் உணவில்லை, அது கூலி. விற்காமல் மிஞ்சியதுதான் குழம்புச் சட்டிக்கு வரும். அதை விடு என்றால் மாற்றுக்குக் காய்கறி வாங்கக் காசு வேண்டும்.

திருச்சபையின் பழைய விதிகளிலேயே இதற்கு இடம் இருந்தது. கடுமையான உடலுழைப்பு செய்பவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு ஒருசந்தி கட்டாயமில்லை. வலை இழுப்பவர் அந்த விலக்குக்குள் வருவார். அப்படியானால் இந்தக் கரையில் தவக்காலத்தைத் தாங்கிப் பிடித்தது உணவு விதியாக இருந்திருக்க முடியாது. அதைத் தாங்கியது வேறொன்று: ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒருவர் உங்களைத் தேடி வந்து, உங்கள் பேச்சைக் கேட்டு, பகையைத் தீர்த்து, நோயாளியைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்ற கடமை. அந்தக் கடமையை யார் யார் செய்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

கோட்டை மாறியது, ஆலயம் நின்றது

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசிய வணிகர்கள் பழவேற்காட்டில் குடியேறினார்கள். விஜயநகரப் பேரரசின் முக்கியத் துறைமுகமாக ஊர் செழித்திருந்த காலம் அது. இங்குள்ள மகிமை மாதா ஆலயம் தன் தொடக்கத்தை 1515-ஆம் ஆண்டில் வைத்துச் சொல்கிறது. சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் மிகப் பழைய ஆலயங்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. மயிலாப்பூர் தனி மறைமாவட்டமானது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 1606-ல்தான்.

அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1610-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கால் வைத்தார்கள். 1612-ல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அதற்குப் பதிலாக 1613-ல் எழுந்ததுதான் கெல்ட்ரியா கோட்டை. டச்சுக்காரர்கள் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்களை அவர்கள் போர்த்துகீசியரின் ஆட்களாகவே பார்த்தார்கள். ஆனாலும் போர்த்துகீசியரின் தடம் அழிந்துவிடவில்லை. 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் டச்சுப் போதகராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியஸ், உள்ளூர்ப் பிராமணரான பத்மநாபரிடம் இந்து சமயம் பற்றிக் கேட்டு எழுதிய நூல் 1651-ல் வெளியானது. டச்சுக்காரரும் பிராமணரும் பேசிக்கொண்ட மொழி போர்த்துகீசியம்.

இடையில் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் கைக்குப் போய்வந்தாலும் டச்சுக்காரர்கள் 1825 வரை ஊரை வைத்திருந்தார்கள். பிறகு அது முழுமையாக ஆங்கிலேயருக்குப் போனது. கோட்டை இன்று மண்மேடு. அவர்களின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மகிமை மாதா ஆலயத்தில் இன்றும் தவக்காலத் திருப்பலி நடக்கிறது.

ஆட்சியாளர் பகையாக இருக்கும்போது சாதாரண மக்கள் நோன்பையும் திருநாளையும் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதற்கு மிகத் தெளிவான சாட்சி, அதே டச்சுக்காரர்கள் ஆண்ட இலங்கையில் கிடைக்கிறது. 1658-ல் யாழ்ப்பாணம் டச்சுக்காரரிடம் விழுந்த பிறகு அங்கே கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. 1687-ல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்ற குரு பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். சில்லாலை என்ற ஊரைத் தங்குமிடமாகக் கொண்டு, இரவில் வீடு வீடாகப் போய்த் திருப்பலி நிறைவேற்றினார். அவருக்குப் பின் 1705-ல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிக் கொடுத்தார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' இயேசுவின் பாடுகளைச் சொல்வது. குரு வர முடியாத ஊரிலும் எழுத்தறிந்த ஒருவர் ராகத்தோடு வாசித்தால் போதும், புனித வாரம் நடந்துவிடும். இலங்கையின் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் அந்த வாசிப்பு இன்னும் வழக்கில் இருக்கிறது. வாஸ் 1711-ல் மறைந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

மனதைத் திறக்க ஒரு நூல்

தவக்காலத்தின் நடுநாயகம் பாவசங்கீர்த்தனம். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். 1215-ல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், ஒவ்வொரு கத்தோலிக்கரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தம் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு, பாஸ்கா காலத்தில் நற்கருணை பெறவேண்டும் என்று விதித்தது. ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் கோயில்களில் நீண்ட வரிசை நிற்பதற்கு அதுவே காரணம். குரு தாம் கேட்டதை யாரிடமும், எந்த நிலையிலும் சொல்லக்கூடாது.

ஆனால் மொழி தெரியாத அந்நியக் குருவிடம் ஒரு மீனவர் மனதைத் திறப்பது எப்படி? இந்தக் கேள்விக்கான விடை தமிழ் அச்சு வரலாற்றிலேயே பதிந்திருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழ் கற்று, தமிழ் எழுத்தில் நூல்களை அச்சிட்டார். 1578-ல் 'தம்பிரான் வணக்கம்', 1579-ல் 'கிரிசித்தியானி வணக்கம்', 1580-ல் 'கொம்பெசியொனாயரு'. மூன்றாவது நூல் பாவசங்கீர்த்தனக் கையேடு. தமிழில் முதலில் அச்சேறிய ஒருசில நூல்களில் ஒன்று, கடலோர மக்கள் தங்கள் தவறுகளைத் தங்கள் மொழியிலேயே சொல்ல வழிகாட்டுவதற்காக வந்தது. அச்சுக்கலையை நம் மொழிக்குக் கொண்டுவந்த தேவைகளில் தவக்காலமும் ஒன்று எனலாம்.

குருவுக்கு முன்னால் வந்தவர்கள்

ஒரு குருவுக்கு எத்தனையோ ஊர்கள், கடந்து செல்ல உப்பங்கழிகள். எல்லாக் குப்பங்களுக்கும் அவரால் அடிக்கடி வர முடியாது. அந்த இடைவெளியை நிரப்பியவர் உபதேசியார். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் இருப்பது, அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது, சண்டை போட்டவர்களைப் பேசவைப்பது எல்லாம் அவர் வேலை. தவக்காலத்துக்கு முன் குரு வரும்போது யார் வீட்டில் நோய், யாருக்குள் பகை, யார் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று சொல்வதும் அவரே.

இந்த ஏற்பாட்டைத் தமிழ்க் கடற்கரையில் உறுதியாக்கியவர் புனித பிரான்சிஸ் சவேரியார். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், ஒவ்வொரு ஊரிலும் கணக்கப்பிள்ளை என்ற பெயரில் ஒரு பொறுப்பாளரை வைத்து ஊதியமும் ஏற்பாடு செய்தார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? முத்துக்குளிப்பு வருவாயிலிருந்து போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. அதை உபதேசியார்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி சவேரியார் அரசிக்கே எழுதிக் கேட்டார். 1545-ல் அவர் மயிலாப்பூரிலும் ஏறக்குறைய 4 மாதங்கள் தங்கியிருந்தார்.

வீரமாமுனிவரை நாம் 'தேம்பாவணி' எழுதியவராகவும் எழுத்துச் சீர்திருத்தம் செய்தவராகவும் அறிவோம். அவர் உபதேசியார்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலையும் எழுதினார். 18-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், ஊர் மக்களிலிருந்து வந்த ஒரு சாதாரண மனிதர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மக்களை எப்படிக் கவனிக்கவேண்டும் என்று தமிழில் எழுதப்பட்ட கையேடு அது. மேய்ப்புப்பணி என்று இன்று பெரிய சொல்லால் குறிப்பிடுவதை அன்று நடத்தியவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட பெயர் தெரியாத மனிதர்கள்தாம்.

நள்ளிரவுக்குப் பின் தண்ணீரும் இல்லை

தவக்கால விதிகளில் மீனவர்களை உண்மையில் வாட்டியிருக்கக்கூடியது இறைச்சி விலக்கைவிட நற்கருணை நோன்பு. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நற்கருணை வாங்குபவர் நள்ளிரவிலிருந்து எதுவும் உண்ணக்கூடாது, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. இரவெல்லாம் கடலில் வலை போட்டுவிட்டு விடியற்காலையில் கரையேறும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடித்துவிட்டார் என்றால் அன்று நற்கருணை கிடையாது.

பெரிய வியாழன், பெரிய வெள்ளி வழிபாடுகளும் அன்றைய விதிப்படி காலையில் நடந்தன. உயிர்ப்பின் இரவு வழிபாடே சனிக்கிழமை காலையில் முடிந்துவிடும். காலை நேரம் என்பது படகு திரும்பும் நேரம், மீனை ஏலம் விட்டு, பெண்கள் கூடையைத் தூக்கிச் சந்தைக்கு ஓடும் நேரம். உழைப்பவர்கள் வர முடியாத வேளையில் ஆண்டின் மிகப் பெரிய வழிபாடு நடந்தது.

இது இங்கே மட்டும் இருந்த சிக்கலன்று. தொழிற்சாலை ஷிப்டு, போர்க்காலப் பணி என்று உலகம் முழுவதும் இருந்து முறையீடுகள் போயின. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் படிப்படியாக விதிகளைத் தளர்த்தினார். 1953-ல் தண்ணீர் குடிப்பது நோன்பை முறிக்காது என்றானது. 1955-ல் வந்த ஆணை புனித வார வழிபாடுகளை மாலைக்கும் இரவுக்கும் மாற்றியது. 1956 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1957-ல் நற்கருணைக்கு முன் 3 மணி நேரம் உண்ணாமல் இருந்தால் போதும் என்றும், 1964-ல் 1 மணி நேரம் போதும் என்றும் குறைந்தது. 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிக்குக் கதவைத் திறந்தது. சில ஆண்டுகளில் லத்தீனுக்குப் பதில் தமிழில் திருப்பலி கேட்டது.

1966-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளையே சுருக்கினார். கட்டாய ஒருசந்தி இனி ஆண்டில் இரண்டே நாட்கள்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். மற்ற நாட்களில் செபம், தருமம், பிறர்க்குச் செய்யும் உதவி ஆகியவற்றுக்கு முதன்மை கொடுத்தார். விதி சுருங்கிய பிறகுதான் தருமத்தின் பக்கம் கவனம் கூடியது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் சோறு பொங்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்குப் பழையது.

பாடும் பாடுகளும்

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் இடங்களில் வலை கட்டும் உரிமை, ஊர்த் தலைக்கட்டுகளிடையே முறைவைத்துச் சுற்றி வரும். இன்று நல்ல இடம் ஒருவருக்குக் கிடைத்தால் நாளை இன்னொருவருக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், பெயரிலேயே மாதாவைச் சுமக்கும் நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் இந்தப் பாடு முறைக்குப் பேர்போனவை. மீனவர் ஆய்வாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஏரியைக் கூறுபோட்டு விற்காமல், சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ள மக்களே கண்ட வழி.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாட்டுக்குள் இல்லாத ஏரியோர மக்கள், தங்களுக்கு நல்ல இடங்கள் மறுக்கப்படுவதாகச் சொல்கிறார்கள். இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்த பிறகு அந்தப் பிணக்கு கூர்மையானது.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இயேசுவின் துன்பங்களைச் சொல்லும் சொல்லும் 'பாடுகள்' என்பதே. பெரிய வெள்ளியன்று வாசிப்பது பாடுகளின் வரலாறு. ஒரே சொல் ஏரியில் பங்கையும் கோயிலில் துன்பத்தையும் குறிக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் சமாதானம். காணிக்கை கொடுக்க வந்தவருக்கு, உடன்பிறந்தவர் தன்மேல் மனத்தாங்கலாக இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் ஆகவேண்டும் என்பது நற்செய்தி. பேச்சுவார்த்தை அறுந்த இரண்டு வீடுகளை ஈஸ்டருக்கு முன் பேசவைக்க வேண்டும் என்று குருவும் ஊர்ப் பெரியவர்களும் முனைவது இதனால்தான். கடலிலும் ஏரியிலும் அடுத்தவர் உதவி இல்லாமல் பிழைக்க முடியாத தொழிலில், பேசாமலிருப்பது இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து.

அண்மைக்காலத் தவக்காலங்கள்

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் கரை சில கடினமான தவக்காலங்களைக் கண்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த சாம்பல் புதன் 2005 பிப்ரவரி 9. ஏழு வாரங்கூட ஆகவில்லை. மனிதா நீ மண்ணாயிருக்கிறாய் என்ற பொருள்பட நெற்றியில் சாம்பல் பூசும் சடங்கை, உறவினரைப் புதைத்த ஈரம் காயாத கடற்கரைகளில் செய்யவேண்டியிருந்தது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. மீன் வாங்கவே சென்னை மக்கள் தயங்கினார்கள். அந்த ஆண்டுச் சாம்பல் புதன் மார்ச் 1. நோன்பு என்று யாரும் சொல்லாமலே பல மீனவ வீடுகளில் அடுப்பு மெலிந்திருந்த நேரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் படர்ந்தது.

2020-ல் தவக்காலத்தின் 4-ஆம் ஞாயிறான மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கு. மூன்று நாளில் முழு ஊரடங்கு. குருத்து ஞாயிறும் பெரிய வெள்ளியும் மூடிய கோயில்களுக்குள் நடந்தன. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கையே அந்த ஆண்டு விட்டுவிடும்படி வத்திக்கான் சொல்லியது. மக்கள் போனில் திருப்பலி பார்த்தார்கள். யார் வீட்டில் அரிசி இல்லை என்று விசாரிக்க மட்டும் ஆள் நேரில் போகவேண்டியிருந்தது.

அந்த வேலையை இன்று செய்வது பெரும்பாலும் அன்பியங்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுவுக்குத் தமிழகக் கத்தோலிக்கர் வைத்த பெயர் அது. முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவார்கள். தவக்காலத்தில் சிலுவைப் பாதையும் அப்படி நடக்கும். படுக்கையிலிருக்கும் முதியவருக்கு நற்கருணை கொண்டுவரக் குருவிடம் சொல்வதும், நோயில்பூசுதல் தேவைப்படுகிறவரை அடையாளம் காட்டுவதும் இந்தக் குழுவினர்தாம், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பல பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையும் உண்டு. 1833-ல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய அந்தச் சபையின் அடிப்படை விதி, ஏழையைத் தன்னிடம் வரவழைக்காமல் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. பழைய உபதேசியாரின் வேலை இப்படிப் பலர் கைக்குப் பிரிந்திருக்கிறது.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: வீடுகள் பக்கத்தில் இருக்கவேண்டும். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் இடம் மாற்றப்பட்டார்கள். துறைமுக விரிவாக்கத் திட்டம் வந்தபோது பழவேற்காடு வரையுள்ள குப்பங்கள் எதிர்த்ததற்குக் கடலரிப்பும் ஏரியின் நிலையும் மட்டும் காரணமில்லை. ஒரு குப்பம் பெயர்ந்தால், எந்த மதத்தவராயினும், கோயிலும் திருநாளும் பாடு வரிசையும் பக்கத்து வீடும் சேர்ந்தே பெயர்கின்றன. புதிய இடத்தில் கான்கிரீட் வீடு கிடைக்கலாம். உடம்பு முடியாத கிழவியின் கதவைத் தட்ட வேண்டியது யார் என்பதை மீண்டும் முதலிலிருந்து முடிவு செய்யவேண்டும். அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் நமக்கும் இது புரியும்.

நம் குடியிருப்போருக்குச் சில குறிப்புகள்

சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் நம் கத்தோலிக்க அண்டை வீட்டார் ஒருசந்தி இருப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் பலர் இறைச்சி உண்பதில்லை. வளாக விருந்துகளைத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

பெரிய வெள்ளியன்று கத்தோலிக்க மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை என்பது வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஈஸ்டர் தள்ளிவரும் ஆண்டுகளில் இரண்டும் ஒன்றோடொன்று சேரும். அப்போது மீன் விலை ஏறினால் கூடைக்காரம்மாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பழவேற்காட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் பெரிய வெள்ளியைத் தவிர்த்து வேறு நாள் போகலாம். அன்று அது சுற்றுலா ஊராக இருக்காது. பெரிய வியாழன் மாலை உன்னதங்களிலே கீதத்துக்குப் பிறகு உயிர்ப்பு இரவு வரை கோயில் மணி அடிக்காது, மரக்கட்டையைத் தட்டித்தான் ஒலி எழுப்புவார்கள். மற்ற நாட்களில் மகிமை மாதா ஆலயம், டச்சுக் கல்லறைத் தோட்டம், பழைய பள்ளிவாசல், ஏரிக்கரை ஆகியவற்றை அரை நாளில் பார்த்துவிடலாம். காலையில் சீக்கிரம் கிளம்பினால் ஏரிக்கரையில் இறால் ஏலத்தையும் பார்க்கலாம்.